வெள்ளைக் குடையின் பச்சைத் தூள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தண்ணீர் வடிந்து, வெயில் தலைகாட்டிய சில நாள்களில், எங்கள் வீதிமுனைப் புல்தரையில் ஒரு வட்டமாகக் காளான்கள் எழுந்தன. சில கோழிமுட்டை அளவு. சில சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்திருந்தன. வெள்ளைக் குடை, அதன் நடுவில் பழுப்புச் செதில்கள், காம்பில் மேலும் கீழும் நகரும் ஒரு வளையம். பக்கத்து வீட்டு அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "பால் காளான் மாதிரியே இருக்குல்ல? கொழம்பு வெச்சிடலாமா?" என்று கேட்டார். நான் முற்றிய குடை ஒன்றைத் திருப்பிக் காட்டினேன். அடியில் இருந்த செவுள்கள் பாசி படிந்த குளத்து நீர்போல மங்கிய பச்சையாக இருந்தன. அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

அந்தப் பச்சைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். காட்டிலோ தோட்டத்திலோ வினோத நிறத்தில் ஒரு காளான் கண்ணில் படும்போது அதன் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்விக்கு உலகம் இதுவரை தேடிவைத்த பதில்களைப் புதுச்சேரியில் நின்றபடி பார்க்க முயல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைத் திடுக்கிட வைக்கும் மேல்நிறம் பெரும்பாலும் பெயர் சொல்லாது. இரவில் குடைக்கு அடியில் உதிரும் தூளின் நிறம்தான் பெயரை நோக்கிக் கூட்டிப்போகும்.

காளானை உற்றுப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு, திண்டிவனத்தையும் மரக்காணத்தையும் சுற்றிய பகுதி. புதுச்சேரியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். அந்தப் பாட்டில் பாணனின் வறுமையைக் காட்ட நல்லூர் நத்தத்தனார் தேர்ந்தெடுத்த அடையாளங்களில் ஒன்று, அடுக்களையில் பூத்த காளாம்பி. புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனாரும் சமையலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததைச் சொல்கிறார். நெருப்பில்லாத இடம், ஈரம், இருட்டு: காளான் எங்கே வரும் என்பதை அந்தப் புலவர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். ஆனால் அன்றாடப் பேச்சில் நமக்கு மிஞ்சியவை சில பெயர்கள்தான். தின்னக்கூடியது காளான், தின்னக்கூடாதது நாய்க்குடை. இவற்றைத் தாண்டினால் புற்றுக்காளான், வைக்கோல் காளான் என்று இடத்தை வைத்துச் சொல்லும் பெயர்கள். இடத்தை வைத்துப் பெயரிட்ட அந்தப் பழக்கம் எவ்வளவு அறிவுள்ளது என்பதைப் பிறகு பார்ப்போம்.

எங்கள் புல்தரைக்கு வந்த விருந்தாளியின் அறிவியல் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். இன்றைய கயானா நாட்டின் எசெகிபோ பகுதித் தாவரங்களைப் பற்றி எழுதிய ஜெர்மானியர் ஜி. எஃப். டபிள்யூ. மெய்யர் 1818-இல் இதை முதன்முதலாக விவரித்தார். இன்று வெப்பநாடுகள் முழுக்க, புல்வெளி இருக்கும் இடமெல்லாம் இது இருக்கிறது. அமெரிக்காவில் காளான் தின்று வாந்தியெடுத்து மருத்துவமனைக்கு ஓடுபவர்களில் மிகப் பலர் இதைத் தின்றவர்கள். பெயரின் முதல் பாதிக்குக் கிரேக்கத்தில் பச்சை இலை என்று பொருள். இலைப் பச்சையத்தின் பெயரும் அதே வேர்களில் பிறந்ததால் குழப்பம் வரலாம். காளானில் பச்சையம் துளியும் கிடையாது. அந்தப் பச்சை முழுவதும் அதன் வித்துத்தூளின் நிறம். பெயரின் இரண்டாம் பாதி ஈயத்தைக் குறிக்கிறது.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. குடை விரிந்த முதல் ஓரிரு நாள் செவுள்கள் வெள்ளையாகவே இருக்கும். வித்து முற்றிய பிறகே பச்சை ஏறும். அதாவது, சமைக்க ஆசைப்படும் இளம் பருவத்தில் எச்சரிக்கும் நிறமே இல்லை. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மேற்கு வங்கத்திலிருந்து 1974-இல் விவரிக்கப்பட்ட பால் காளானைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே-2 என்ற ரகமாக 1998-இல் வெளியிட்டது. அதன்பிறகு பெரிய, வெள்ளையான, சதைப்பற்றுள்ள காளான் என்றால் நல்ல உணவு என்ற எண்ணம் வீடுகளில் நிலைத்துவிட்டது. கடையில் பொட்டலமாக வரும் பால் காளானைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரிதான். புல்தரையில் முளைத்த வெள்ளைக் குடைக்கு அதைப் பொருத்தினால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் வாந்தியும் பேதியும் பதில் சொல்லும்.

வித்துத்தூளை எப்படிப் பார்ப்பது? இதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. விரிந்த குடையைக் காம்போடு ஒட்ட அறுத்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மீது செவுள் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் தாளில் செவுள்களின் அச்சு ஒரு சக்கரம்போல விழுந்திருக்கும். தாள் இரு நிறமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது.

ஸ்வீடனின் எலியாஸ் ஃப்ரீஸ் 1821-இல் வெளியிடத் தொடங்கிய தன் பெருநூலில், அன்று அகாரிகஸ் என்ற ஒரே பெயருக்குள் அடைபட்டிருந்த செவுள் காளான்களைத் தூளின் நிறத்தை வைத்தே பிரித்தார்: வெள்ளை, இளஞ்சிவப்பு, துருப்பழுப்பு, ஊதாக்கறுப்பு, கறுப்பு. மரபணு ஆய்வு வந்து அந்தப் பாகுபாட்டைப் பலவிதமாகக் கலைத்துப் போட்டுவிட்டது உண்மை. ஆனாலும் களத்தில் நிற்பவருக்கு இன்றும் அதுவே முதல் படி. பச்சைக்கு அந்த வரிசையில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 1898-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மஸ்ஸீ குளோரோஃபில்லம் என்ற பேரினத்தை உருவாக்கியதற்குப் பின்னால் இருப்பது அந்த அபூர்வமான பச்சைதான். பெரிய குடைக்காளான் ஒன்று பச்சைத் தூள் உதிர்த்தால் பெயர் அநேகமாக உங்கள் கையில்.

தூளின் நிறம் உயிர் காக்கும் இடமும் ஒன்று உண்டு. வைக்கோல் காளான் முட்டைபோன்ற உறையிலிருந்து வெளிவரும். அடியில் அந்த உறை ஒரு கிண்ணமாக மிஞ்சும். உலகின் கொடிய நச்சுக்காளானான அமானிட்டா ஃபல்லாய்டிஸும் அப்படித்தான் வருகிறது. கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் வைக்கோல் காளான் என்று நம்பி இதைச் சமைத்து இறந்திருக்கிறார்கள். புலம்பெயர்ந்த தமிழர்களுக்கும் இந்தச் செய்தி வேண்டும். வைக்கோல் காளானின் தூள் இளஞ்சிவப்பு, அமானிட்டாவின் தூள் வெள்ளை. ஓர் இரவு பொறுத்திருந்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

இனி நிறத்துக்கு வருவோம். புதுச்சேரியில் மழைக்காலத்தில் அதிகம் பேரைத் திகைக்க வைப்பது பச்சையல்ல, மஞ்சள். மொட்டைமாடிப் பூந்தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில், மாவு தூவியதுபோல், சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கொத்து எழுந்து மறுநாளே சாய்ந்துவிடும். இதன் பெயர் லூக்கோகாப்ரினஸ் பிர்ன்பாமி. பிராகாவில் அன்னாசி வளர்த்த கண்ணாடிக்கூடம் ஒன்றில் இதைக் கண்ட தோட்டக் கண்காணிப்பாளரின் பெயரை 1839-இல் பூஞ்சை ஆய்வாளர் கோர்டா இதற்குச் சூட்டினார். குளிர்நாட்டவருக்குக் கண்ணாடிக்கூடத்துப் புதுமை, நமக்கு மல்லிகைத் தொட்டியின் வாடிக்கை. இதைத் தின்னக்கூடாது. செடிக்கு இது எந்தக் கெடுதலும் செய்யாது. தொட்டி மண்ணில் மக்கும் பொருளைத் தின்று வாழ்கிறது. பதறிப்போய்ச் செடியோடு தூக்கி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

தென்னையின் அடியில் பளபளக்கும் செம்பழுப்புத் தட்டு வந்தால் கதை வேறு. அது கானோடெர்மா. 1952 புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் பரவிக் கவனத்துக்கு வந்ததால் அந்த நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர். மரத்தின் அடியிலிருந்து செம்பழுப்பு நீர் கசியும். தட்டு வெளியே தெரியும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

நீலத்தில் இருவகை உண்டு. ஒன்று, பிறவியிலேயே நீலம். நியூசிலாந்தின் 50 டாலர் நோட்டில் அச்சிடப்பட்ட என்டலோமா ஹாக்ஸ்டெட்டரி இந்த வகையில் புகழ்பெற்றது. 2024-இல் தெலங்கானாவின் காகஜ்நகர் காட்டில் நீலக் காளான் தென்பட்டபோது செய்திகளில் அதே பெயர் வந்தது. இங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வெப்பநாட்டுக் காளானுக்குத் தொலைதூரத்து ஒப்புமையின் பெயரைச் சூட்டுவது நெடுங்காலப் பழக்கம். மரபணுவைப் பார்த்தபோது அப்படிச் சூட்டிய பெயர்கள் பல தவறென்று தெரிந்திருக்கின்றன. நீலம் ஒன்றாக இருப்பதால் இனம் ஒன்றாகிவிடாது.

இன்னொரு நீலம், காயம் பட்ட பிறகு வருவது. செவுளுக்குப் பதில் நுண்துளைகள் கொண்ட சில போலீட் காளான்களை அறுத்தால் சதை சில நொடிகளில் நீலமாகும். உள்ளிருக்கும் சேர்மங்கள் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதன் விளைவு இது. நஞ்சுக்கு அடையாளம் அல்ல. மாட்டுச்சாணத்தில் வளரும் சைலோசைபி க்யூபென்சிஸும் காம்பை நசுக்கினால் நீலமாகும், ஆனால் காரணம் வேறு. மனமயக்கம் தரும் சைலோசின் ஒன்றோடொன்று இணைந்து அந்த நீலத்தைத் தருகிறது என்பதை ஜெர்மானிய வேதியியலாளர்கள் அண்மையில்தான் விளக்கினார்கள். சைலோசினின் மூலச்சேர்மமான சைலோசிபினை 1958-இல் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஹாஃப்மன். அதற்கான காளானைப் பாரிஸில் வளர்த்துக் கொடுத்தவர் ரோஜே எய்ம். கொடைக்கானலில் இளைஞர்கள் தேடி அலைவதும் இந்த நீலத்தைத்தான். சைலோசிபின் இந்தியச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதைவிட எனக்குக் கவலை தருவது, சிறிய பழுப்புக் காளான்களில் உயிர்கொல்லியும் கலந்திருப்பதும், நீலம் தேடிப் போகும் கண்ணுக்கு அது தெரியாமல் போவதும்தான்.

ரோஜே எய்ம் என்ற பெயர் நம் ஊர்க் கதையோடும் சேர்கிறது. கரையான் புற்றில் வளரும் காளான்களுக்கு டெர்மிட்டோமைசஸ் என்ற பேரினத்தை 1942-இல் அமைத்தவர் அவர். அதற்கு முன்னரே, 1779-இல், தரங்கம்பாடியில் வாழ்ந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் வெள்ளெறும்பின் வாழ்க்கை பற்றி எழுதியபோது புற்றுக்குள் இருக்கும் பூஞ்சைத் தோட்டத்தைப் பதிவு செய்தார். இலங்கையின் பேராதனையில் டாம் பெட்ச் 1906-இல் அதை விரிவாக ஆராய்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-இல் தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றைப் புதிய இனமென்று விவரித்து, டெர்மிட்டோமைசஸ் எய்மி என்று அந்தப் பிரெஞ்சு அறிஞரின் பெயரையே வைத்தார். நம் ஊர்க்காரர் கேட்டால் "அட, புத்துக்காளான்" என்பார். அந்தப் பெயரில் அறிவியல் குறைவு என்று நான் நினைக்கவில்லை. மண்ணைத் தோண்டினால் காம்பின் வேர்போன்ற வால் கரையான் கூட்டுக்குள் இறங்குவது தெரியும். வேறெந்த வெள்ளைக் காளானுக்கும் இல்லாத சாட்சி அது. பறிக்கும்போது ஒடித்து எடுப்பவர் அந்தச் சாட்சியை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்.

ஆகவே பெயர் தேடுபவர் குறித்துக்கொள்ள வேண்டியது மேல்நிறத்தை மட்டும் அல்ல. எதன் மீது வளர்ந்தது: சாணமா, பட்டமரமா, புல்லா, புற்றா? அருகில் என்ன மரம்? எந்த மாதம், மழை பெய்து எத்தனை நாள்? அறுத்தபோது சதை என்ன நிறமாகியது? காம்படியில் உறை இருந்ததா? வாசனை எப்படி? பிறகுதான் தூள். காளானின் மேல்நிறம் மழையில் கரையும், வெயிலில் வெளுக்கும், வயதில் மாறும். காலையில் எடுத்த படத்தையும் மாலையில் எடுத்த படத்தையும் பார்த்தால் இரண்டு வேறு காளான்கள் என்று சத்தியம் செய்யலாம்.

கைபேசிச் செயலிகளைப் பலரும் நம்புகிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மூன்று செயலிகளைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், சிறந்த செயலியே பாதி காளான்களைத்தான் சரியாகச் சொன்னது. செயலி பார்ப்பது பெரும்பாலும் மேல்நிறத்தையும் வடிவையும்தான். தாளில் விழுந்த தூளை யாரும் அதற்குக் காட்டுவதில்லை. நம் ஊர் வீட்டுச் சோதனைகளும் இதே ரகம். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி தின்றிருந்தால் நல்லது, புளி விட்டுக் கொதிக்க வைத்தால் முறிந்துவிடும் என்பவை எல்லாமே பொய். அமானிட்டாவின் நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. வெள்ளியையும் கறுக்க வைக்காது. பளிச்சென்ற நிறமே நஞ்சு என்ற நம்பிக்கை இவற்றில் மிகக் கொடியது. ஏனென்றால் அதன் மறுபக்கம், வெள்ளை என்றால் பயமில்லை என்பது.

அஸ்ஸாமில் 2022 ஏப்ரலில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். இத்தகைய சாவுகளில் கவனிக்க வேண்டியது நேரம். தின்ற மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் எங்கள் பச்சைத்தூள் காளான் வகை; உடல் நீர்வற்றும், ஆனால் மீளலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுப் பேதி தொடங்கினால் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். இடையில் ஒருநாள் தேறியதுபோல் தோன்றும், அது ஏமாற்று. இரண்டு வகையும் ஒரே குழம்பில் கலந்திருக்கலாம் என்பதால் முதல் அறிகுறிக்கே ஜிப்மருக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். போகும்போது மிச்சக் குழம்பும், குப்பையில் எறிந்த காம்பும் கூடவே போகட்டும். மருத்துவருக்கு அந்தக் காம்புதான் துப்பு.

துப்பை அடையாளம் காண ஊரில் யார் இருக்கிறார்கள்? இங்கேதான் எனக்கு ஆற்றாமை. செடிகொடிகளைப் பொறுத்தவரை புதுச்சேரிக்கு நல்ல கொடுப்பினை. 1826-இல் தாவரவியல் பூங்கா; 1955 முதல் செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அதன் உலர்தாவரத் தொகுப்பும். அந்தப் பூங்காவின் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே 1870-இல் இவ்வூரிலேயே இறந்தார். அவர் நீலகிரியில் சேகரித்த பூக்காத் தாவரங்களும் பூஞ்சைகளும் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. அங்கே கமீய் மோந்தாஞ் என்ற முன்னாள் ராணுவ மருத்துவர் 1842-இல் அவற்றை வெளியிட்டார். உருளைக்கிழங்குப் பயிரை அழித்த நோய்க்கிருமிக்குப் பின்னர் பெயரிட்டவரும் இவர்தான். மோந்தாஞ் பார்த்தவை காய்ந்த மாதிரிகள். காய்ந்த காளானில் மேல்நிறம் தங்காது. சேகரித்தவர் தன் கைப்பட எழுதிய குறிப்புத்தான் அதற்குச் சாட்சி. குறிப்பு இல்லையென்றால், மலைமீது பெரோத்தேயின் கண் கண்ட நிறம் அவரோடே போயிற்று.

தென்னிந்தியாவின் பதிவுகள் வெறுமையாக இல்லை. நடராஜனும் ராமனும் 1983-இல் வெளியிட்ட தென்னிந்தியச் செவுள் காளான் நூல் இருக்கிறது. பெக்லரின் இலங்கை நூல் (1986) நம் கடற்கரைக்கும் பெரிதும் பொருந்துகிறது. 2012 முதல் ஐடிஎஸ் என்ற மரபணுத் துண்டு பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒப்பிட உள்ளூர் மாதிரி இல்லாத இடத்தில் அந்தக் குறியும் பாதிப் பெயரோடு நின்றுவிடும். புத்துப்பட்டு கோயில் காட்டிலும் ஆரோவில் மரக்கூட்டங்களிலும் எஞ்சியிருக்கும் உலர் பசுமைக்காட்டில் ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் எழுந்து மூன்றே நாளில் கரைந்துபோகும் காளான்களை யாராவது படம் எடுத்து, தூள் பதித்து, உலர்த்தி, தேதியிட்டு வைக்க வேண்டும். கல்லூரி மாணவர்களால் முடிகிற வேலை இது. ஒரு கிண்ணம், ஒரு தாள், ஒரு பழைய செய்தித்தாள் உறை போதும்.

அன்று அக்காவின் சமையலறையிலேயே அதைச் செய்தோம். அவர் வீட்டு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, பிள்ளைகள் தொடாதபடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கே கதவைத் தட்டினார். தாளின் வெள்ளைப் பக்கத்தில் வாடிய அருகம்புல் நிறத்தில் ஒரு முழுச் சக்கரம் விழுந்திருந்தது. ஓரத்தில் தேதியையும் வீதியின் பெயரையும் பென்சிலால் எழுதினேன். "இதயும் எழுதுங்க, மழ நின்னு எத்தன நாள்னு," என்றார் அக்கா.